பேரீச்சம்பழமும் ரலியா உம்மாவின் சுகரும்

நோயாளிக்குச் சாப்பாடு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: நம்மைப் பார்க்க வருகிறவர்கள் முன்பே முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள், நாம் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகப் பதினான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். ஒரு நோன்பு மாதத்தில் ரலியா உம்மாவிடம் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார்.

ஒத்தைப்படை

ரலியா உம்மாவுக்குத் தக்கலை. வயது அறுபது, எட்டு வருஷமாகச் சுகர் மாத்திரை. நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது மருமகள் சபீனாவோடு வந்து உட்கார்ந்தார். முந்தின வருஷம் வீட்டில் நோன்பு வைக்க விடவில்லையாம். எல்லோரும் நோன்பு திறக்கும்போது தான் மட்டும் அடுக்களையில் நின்றதை இரண்டு தடவை சொன்னார். மாத்திரை நேரத்தை மாற்றி, தினமும் நாலு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் சம்மதித்திருந்தார். சாப்பாடு என் பொறுப்பு.

நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழம் என்று எழுதினேன். "ரெண்டு ஆகாது மோளே. ஒத்தைப்படையாத்தான் திங்கணும், அது நபி வழி" என்றார். சரி என்று இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினேன். சபீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உம்மாவின் முகம் வாடிவிட்டது.

"ஒத்தைப்படைன்னா ஒண்ணுதானா? மூணு இல்லியா, அஞ்சு இல்லியா?"

மதீனாப் பழம்

ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் சவுதியில் இருக்கும் மகன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி மதீனாப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினான். அது மருந்து, சுகரை ஏற்றாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நோன்புக் கஞ்சியோடு ஐந்து பழம் உள்ளே போனது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. சபீனா போனில் புலம்பினாள்.

நான் வாதாடவில்லை. நாரும் சத்தும் உள்ள நல்ல பழம்தான், ஆனால் இனிப்பு இனிப்புதான் என்று சொல்லி, "நாளைக்கு அதே கஞ்சியோடு ஒரே ஒரு பழம் தின்னுட்டுப் பாருங்க உம்மா" என்றேன். மறுநாள் 178. இரண்டையும் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதினார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"பழத்தைக் குத்தம் சொல்லாத மக்கா, நேத்து அந்த மிஷினு கெட்டுக் கிடந்து."

மாலை நாலரை

இருபதாம் நோன்பன்று சபீனா மறுபடியும் அழைத்தாள். உம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, மிஷின் 61 காட்டுகிறது. நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பழத்தை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். நோன்பை முறியுங்கள் என்று நான் சொன்னால் எடுபடாது என்று தெரிந்துதான், நோன்பு தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டு வைத்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "உம்மா, உயிருக்கு ஆபத்துன்னா முறிக்கணும், சுகமான பிறகு ஒரு நாள் வச்சு ஈடு செய்யலாம். இது உஸ்தாது சொன்னது, நான் சொன்னதில்ல."

பிறகு சபீனா, "வாயைத் திறந்துட்டாங்க" என்றாள். மூன்று பழம், ஒரு டம்ளர் தண்ணீர். கால் மணி நேரம் போனை வைக்கவில்லை. 84 வந்தது. அப்போதுதான் உம்மா அழுகிற சத்தம் கேட்டது.

"அல்லாவுக்குத் தெரியும், நான் பசிச்சுத் திங்கல்ல."

பெருநாள் கழிந்து

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்; இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். மிச்ச நோன்பை உம்மா முடித்தார். விடுபட்ட மூன்று நாளையும் பெருநாளுக்குப் பிறகு, ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வைத்து முடித்தார். மறுபரிசோதனைக்கு வந்தபோது சுகர் முன்பைவிடக் குறைந்திருந்தது. கூடவே ஒரு பெண்மணி. மதீனாப் பழம் மருந்து என்று சொன்ன அதே பக்கத்து வீட்டுக்காரி. அவரை என் எதிரே உட்கார வைத்துவிட்டு உம்மா சொன்னார்:

"இவளுக்கும் சுகரு. அடுத்த நோம்புக்கு இவளுக்கும் எழுதிக் குடு, ஒண்ணுக்கு மேல குடுக்காத, கேட்டியா!"

பதினான்கு வருஷமாகச் 'சாப்பிடாதீர்கள்' என்று சொல்லியே தொண்டை வறண்டவளுக்கு, ஒருவரைச் 'சாப்பிடுங்கள்' என்று சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு என்பது ரலியா உம்மாவிடம்தான் தெரிந்தது.