பாரமான ஐதரசன்

கிண்ணியாவிலிருந்து வரும் நண்பனோடு நான் உப்புவெளியில் பஸ் ஏறினேன். அன்று பல்கலைக்கழகத்தில் என் மூன்றாம் ஆண்டுக் கருத்துரை. அதில் தேறினால்தான் நான்காம் ஆண்டு ஆய்வுக்கு இடம். இல்லாவிட்டால் அதோடு வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான்.

என் தலைப்பு நீக்கல் தாக்கம் என்னும் ரசாயன வினை. ஒரு மூலக்கூறிலிருந்து காரம் ஐதரசனை, அதாவது ஹைட்ரஜனை, பிடுங்கும், புரோமின் விலகும், இரண்டு காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டாகும். இத்தனையும் ஒரே மூச்சில் நடக்கிறது என்று நான் நிறுவவேண்டும். பாதி அறுந்தும் பாதி கட்டியும் நிற்கும் அந்த நடுக்கணத்தைத் தாண்டல் நிலை என்போம். அதைப் போத்தலில் பிடித்துவைக்க முடியாது.

"ஒரே மூச்சில எண்டு நீ கண்டியா மச்சான்? புரோமின் முதலே போயிருந்தா?" என்று நண்பன் குறுக்கு விசாரணை செய்தான்.

"ஐதரசனைத்தான் கேக்கோணும்."

"அது வந்து சாட்சி சொல்லுமோ?"

முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் திரும்பினார். "தம்பி, ஆர் ஆரை விட்டிட்டுப் போனது?"

"குடும்பப் பிரச்சினை இல்லையம்மா, ரசாயனம்."

"நீங்கள் கத்தின கத்துக்கு நான் பயந்திட்டன்," என்றார். பஸ்ஸே சிரித்தது.

கருத்துரையை ஆங்கிலத்தில் ஒருவாறு ஒப்பேற்றினேன். விரிவுரையாளர் அம்மையார் பஸ்ஸில் நண்பன் கேட்ட அதே கேள்வியைத் தமிழில் கேட்டார்: "கண்டீரா?"

எனக்குப் பிடித்த இடம் அதுதான். அந்த ஐதரசனை எடுத்துவிட்டு, இரு மடங்கு பாரமான ஐதரசனை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாக்கம் பல மடங்கு மெதுவாயிற்று. ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கும் படியிலேயே ஐதரசனின் பிணைப்பு அறுகிறது. புரோமினுக்குப் பதில் அயடீனை வைத்தபோது வேகம் கூடியது. அந்தப் பிணைப்பும் அதே படியில்தான் அறுகிறது. ஒருவரும் காணமுடியாத கணத்தை, அணுவின் பாரத்தை மாற்றி விசாரித்த மூளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. சொல்லும்போது என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சரி, வேகம் கொஞ்சமாத்தான் குறைஞ்சதெண்டா?" என்றார் அவர்.

"தாண்டல் நிலையில பிணைப்பு இப்பதான் அறுகத் தொடங்கியிருக்கலாம் மிஸ், இல்லாட்டி அறுந்து முடியிற கட்டத்திலயும் இருக்கலாம். எது எண்டு எனக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான், தெரியாது என்றவனைத் தேறவிடுவார்களா என்று யோசித்தேன்.

"தெரியாதெண்டா செய்து பாரும்," என்றார் அவர். "அடுத்த வருஷம், என்ர ஆய்வுக்கூடத்தில."

வெளியே வந்ததும், பின்வரிசையில் இருந்து கேட்ட நண்பன் என் முதுகில் ஒன்று போட்டான். "டேய், தெரியாதெண்டு சொல்லி இடம் பிடிச்சவன் நீ ஒருத்தன்தான்!"