மெனுவில் ஒரு காலி வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, செய்வினை எதிலும் நம்பிக்கை கிடையாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிற ஆள். மெஷின் தப்பு செய்யாது, நீங்கள்தான் எங்கேயோ தப்பாக அழுத்தியிருப்பீர்கள் என்று வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறவன். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பாதி நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள் போதும். என் இடது காலையும் ஓரக்கண்ணால் பார்க்கிறீர்கள், அதற்கும் வருகிறேன்.

எங்கள் குலதெய்வம் மருதையாற்றங்கரையில் இருக்கிறது. அதைக் கும்பிடுகிற பங்காளி வீடுகள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சிதறிக் கிடக்கின்றன, மொத்தம் அறுபத்து நாலு. வருடா வருடம் பொங்கல் வைக்கும்போது எந்த வீட்டுப் பானை எந்த இடத்தில் என்பது தாத்தன் பூட்டன் காலத்துக் கணக்கு. வரிசை மாறினால் அடிதடி வரைக்கும் போகும். ஒரு வீட்டை ஒதுக்கி வைத்தாலும் அந்த வீட்டின் அடுப்புக் கல் மூன்றும் அப்படியே கிடக்கும், அந்த இடத்தில் வேறு யாரும் பானை வைக்கக் கூடாது. என்றைக்காவது திரும்பி வந்தால் இடம் வேண்டுமே, அதற்காக.

இந்த அறுபத்து நாலு வீட்டுக்கும் ஓர் இணையதளம் செய்து கொடுத்தது நான்தான். சும்மா வாட்ஸ்அப் குழு இல்லை, வீட்டுக்கு ஒரு கணக்கு, போட்டோ, பதிவு, பதில், எல்லாம் உண்டு. கணக்கு வீட்டு ஆம்பளை பேரில்தான் இருக்கும், பொம்பளைகள் அதிலேயே எழுதிக்கொள்வார்கள். மேலே மெனு. முகப்பு, திருவிழா, வரன், இரத்தம், குடும்பங்கள். குடும்பங்களைத் தொட்டால் பானை வரிசைப்படியே அறுபத்து நாலு பெயரும் இறங்கும். அந்த மெனுவைப் பார்த்துப் பார்த்து அழகு செய்வதில் எனக்கு ஒரு பெருமை. அதில் ரொம்பப் பயன்பட்டது இரத்தம் பக்கம். எங்கள் பங்காளிகளில் ஓ நெகட்டிவ் ஆட்கள் கொஞ்சம் அதிகம், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். யாருக்கு அவசரம் என்று போட்டாலும் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேராவது ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம்.

ரெட்டிபாளையத்தில் செல்வராசு என்று எனக்குப் பங்காளி அண்ணன், சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை. அவர் சம்சாரம் மலர்க்கொடி அண்ணி. பானை வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த இடம் அவர்களுடையது. அவர்கள் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். மகளைத் தலைமுழுகச் சொன்னது கோயில் கமிட்டி. அண்ணி எல்லோர் முன்னாலும் நின்று, "நான் பெத்த புள்ளைங்க அது, முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணனும் அவள் பின்னாலேயே போனார்.

மறுநாள் கமிட்டித் தலைவர் கலியபெருமாள் சித்தப்பா என் சென்டருக்கு வந்தார். "ஒதுக்கியாச்சுடா. ஆனா பேர எடுத்தோம்னா அவ கேஸு கீஸுன்னு போயிடுவா. அவளுக்குத் தெரியாம ஏதாச்சும் பண்ண முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ கை பரபரத்தது. அந்தத் தளத்தில் ஆளுக்கு ஏற்ற மாதிரி மெனுவை மாற்றிக் காட்ட வசதி இருந்தது. செல்வராசு கணக்குக்கு மட்டும் தனி மெனு ஒன்று செய்தேன். பார்வைக்கு எங்களுடையது போலவேதான் இருக்கும், ஆனால் எதைத் தொட்டாலும் நான் செய்துவைத்த நகல் பக்கத்துக்குப் போகும். நாங்கள் போடுவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதுவது அவர்களையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சந்தேகம் வரக் கூடாதே என்று அவர்கள் எதை எழுதினாலும் அந்த நொடியே என் பெயரில் ஒரு கூப்பிய கை, கீழே 'பார்த்துவிட்டோம்' என்று தானாகப் பதில் விழும்படி வைத்தேன். எங்கள் மெனுவில் அவர்கள் பெயரைத் தூக்கிவிட்டுக் கீழே இருந்ததையெல்லாம் ஒரு படி மேலே ஏற்றினேன்.

"கோயில்ல எடத்த காலியா வுடுவோமேடா, இதுல வுட வேணாமா?" என்று சித்தப்பாகூடக் கேட்டார்.

"நடுவுல காலியா கெடந்தா அசிங்கமா இருக்கும் சித்தப்பா" என்றேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அதற்குப் பிறகு கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் மத்தியானத்தில் டீயோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அண்ணி என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க. எந்த வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள் என்றாலும் வாழ்த்துப் போட்டிருப்பாள். என் பையன் பத்தாவது பாஸ் ஆனதற்கு நாலு வரி எழுதியிருந்தாள். ஒருமுறை, "எங்கமேல கோவம் இருந்தாலும் எல்லாரும் பாத்துட்டோம்னு கை காட்டுறீங்க, அதுவே போதும்" என்று எழுதியிருந்ததைச் சித்தப்பா மூக்கால் பேசிப் படித்துக் காட்ட, நாங்கள் டீ சிந்தும்படி சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், என் வேலை அல்லவா.

ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை செல்வராசு அண்ணனுக்கு வயிற்றுப் புண் உடைந்து இரத்தமாக வாந்தி. அரியலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஓ நெகட்டிவ் கிடைப்பது கஷ்டம், ஆள் இருந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றிருக்கிறார்கள். அண்ணி வேறெங்கும் ஓடவில்லை. எங்கள் இரத்தம் பக்கத்தில் போட்டாள். காலை பத்துக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று. மூன்றுக்கும் அந்த நொடியே கை கூப்பிப் 'பார்த்துவிட்டோம்' என்று போயிருக்கிறது. சாயந்தரம் அண்ணன் போய்விட்டார். நான் அன்று சிறுவாச்சூர் கோயிலில் வரிசையில் நின்றேன், போன் பையில் இருந்தது, கவனிக்கவில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

காரியம்கூட முடியவில்லை, பத்தாம் நாளே அண்ணி சென்டருக்கு வந்தாள். கூட்டமாக இருந்தது. எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன்.

"தம்பி, மூணு தடவ போட்டேன். மூணு தடவயும் ஒங்க பேர்ல கை வந்துச்சு. யாரும் ஏன் வரல தம்பி?"

"நெட் கோளாறு அண்ணி. எங்க யாருக்கும் வரவே இல்ல" என்றேன், மானிட்டரைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியா" என்றாள். "தம்பி பாத்துடுச்சு, வந்துகிட்டு இருக்குன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு வாசலையே பாத்துகிட்டு இருந்தாரு தம்பி. கடைசி வரைக்கும் அந்தப் பக்கம்தான் மொகம்." அவ்வளவுதான், போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர்கள் கணக்கு, தனி மெனு, நகல் பக்கம், தானாக விழும் பதில் எல்லாவற்றையும் அடியோடு அழித்தேன். தடயம் இருக்கக் கூடாது என்றுதான், மனசு உறுத்தி இல்லை. மறுநாள் காலை பதினோரு மணி, சென்டர் நிறைய ஆள். குடும்பங்கள் மெனுவைத் திறக்கிறேன், எங்கள் வீட்டுப் பெயருக்கு அடுத்து ஒரு வரி காலியாக இருக்கிறது. சரியாக அந்த இடம். அழித்தேன், வந்தது. மெனுவையே கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்கினேன், வந்தது. விண்ணப்பம் போட வந்த ஒரு காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டு, இங்கே ஒரு காலி இடம் தெரிகிறதா என்று கேட்டால், "இல்லியேண்ணா, வரிசையா பேருதான் இருக்கு" என்கிறாள். அவள் கண்ணெதிரே அந்தக் காலி வரியைத் தொட்டேன். நான் அழித்த நகல் இரத்தம் பக்கம் திறந்தது. ஒன்றும் இல்லை, எழுதுகிற பெட்டி மட்டும். அவளோ, "எதத் தொடுறீங்கண்ணா, ஒண்ணும் ஆவலியே" என்றாள். புது போன் வாங்கிப் பார்த்தேன், அதிலும் இருந்தது. ஏதோ பழைய கோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் சிறுவாச்சூர் தாண்டி ஹைவேயில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கால் மேல் வேன் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவு நன்றாகவே இருந்தது. நிறைய இரத்தம் போயிருக்கிறது, ஓ நெகட்டிவ் ஏற்பாடு செய்யுங்கள், கிடைத்தால் காலைச் சேர்க்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என் சம்சாரம் சுமதி அழுதாள். "எதுக்குடி அழுவுற, நம்ம தளம் எதுக்கு இருக்கு" என்று போனை வாங்கி நானே போட்டேன். மெனுவில் இரத்தம் என்று இருந்ததைத்தான் தொட்டேன், காலி வரியை இல்லை, சத்தியமாக. போட்ட அந்த நொடியே பதில் விழுந்தது. கூப்பிய கை. 'பார்த்துவிட்டோம்.' பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. நெட் மெதுவாக இருக்கும், பெயர் பிறகு வரும் என்று நினைத்தேன்.

"பாத்துட்டாங்க, வந்துகிட்டு இருக்காங்க" என்று சுமதியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, பெயர் வந்துவிட்டதா என்று மறுபடி போனைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு இன்னொரு தடவை போட்டேன், மூன்றரைக்கு இன்னொரு தடவை. கை, கை. வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவேன், வேறு யாரோ உள்ளே வருவார்கள். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. உங்களிடம் முன்னே சொன்னது பொய். போன் பையில் இல்லை, கையில்தான் இருந்தது. மூன்று தடவையும் பார்த்தேன். இரத்தம் என்ற வார்த்தையையும் பார்த்தேன். இவளுக்கு இதே வேலை என்று கட்டைவிரலால் தள்ளிவிட்டுக் குங்குமம் வாங்கப் போனேன்.

ஐந்து மணிக்குச் சுமதி பொறுக்காமல் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். கல்லங்குறிச்சியிலிருந்து இரண்டு பேர் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். அதற்குள் உயிரா காலா என்று ஆகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். கலியபெருமாள் சித்தப்பா தலைமாட்டில் நின்று, "ஒண்ணுமே வரலியேடா, பாத்திருந்தா வுட்டுருவமா?" என்று அழுதார். ஒருத்தர் போனிலும் என் பதிவு இல்லை. என் போனில் மூன்றும் இருந்தன.

கட்டை ஊன்றி நடக்கத் தெரிந்ததும் ரெட்டிபாளையம் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, அப்போதும் என் புத்தி அப்படிப் போகவில்லை. அவர்கள் பழைய போனில் அந்தக் கணக்கு எப்படியோ உயிரோடு இருக்கிறது, அண்ணிதான் பழிக்குப் பழி கை அனுப்பியிருக்கிறாள், அதைக் கையோடு பிடிக்க வேண்டும் என்று போனேன். அண்ணி என் காலைப் பார்த்துவிட்டு ஐயோ என்று எழுந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்க பதிவு போடுற போனு எங்க?"

"அதா? அவரு கையிலதான் தம்பி வச்சிருந்தாரு. நீங்க கெளம்பிட்டேன்னு ஏதும் போடுறீங்களான்னு அப்பப்ப அதையும் பாத்துகிட்டாரு. போனதுக்கப்பறம் வெரல பிரிக்க முடியல. அது கூடவே போவட்டும்னு வச்சுப் பொதச்சிட்டோம்."

இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அன்று வீட்டுக்கு வந்து குடும்பங்கள் மெனுவைத் திறந்து, எங்கள் பெயருக்கு அடுத்த காலி வரியைத் தொட்டு, அந்தப் பெட்டியில், 'அண்ணே, நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தள்ளிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினேன். முதல் தடவையாக அழுதேன். அந்த நொடியே பதில் விழுந்தது. கூப்பிய கை. 'பார்த்துவிட்டோம்.'

தினமும் எழுதுகிறேன், தினமும் அதே கை வருகிறது. அண்ணன் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள் என்கிறாள் சுமதி. அவளுக்கு என்ன தெரியும். யார் பார்த்தாலும், யாருமே பார்க்காவிட்டாலும், அந்தக் கை வரும். அப்படி வரும்படி செய்துவைத்தவன் நான்.