நான் சொன்ன மத்தியஸ்தர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரி நீதிமன்றம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். நீதிபதி பிரெஞ்சுக்காரர். வழக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு தெரியாத தமிழர்கள். அவர் பேசுவதை இவர்களுக்கும், இவர்கள் பேசுவதை அவருக்கும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு மொழியும் கைவந்துவிட்டன என்ற கர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு நாள் அக்காள், தங்கை இருவர் வந்தார்கள். தகப்பனார் விட்டுப்போன வீட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அறைகளைப் பற்றிச் சண்டை இல்லை. பின்கட்டுக் கிணறுதான் சிக்கல். குறுக்குச் சுவரை எப்படி எழுப்பினாலும் கிணறு யாராவது ஒருத்தியின் பக்கம் போய்விடும். பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்றால், இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. கோவிலில் பூசை பார்க்கும்போதுகூட ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்களாம். அக்காள் விதவை, தையல் வேலை செய்துவந்தாள். தங்கையின் கணவர் சைகோனில் பட்டாளத்தில் இருந்தார்.

ஓர் 'ஆர்பித்ர்' வைத்துத் தீர்த்துக்கொள்ளச் சம்மதமா என்று நீதிபதி கேட்டார். எனக்குப் பழக்கமான சொல்தான். பந்தாட்ட மைதானத்தில் ஊதலோடு ஓடுகிறவரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு நொடிகூட யோசிக்காமல், "மத்தியஸ்தர் வச்சிப் பேசித் தீத்துக்க ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். 'பேசி' என்பது நானாகச் சேர்த்தது. இருவரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரை நியமித்தார்கள். அவர் சங்கிலி போட்டு அளந்து, கிணறு தங்கைக்கு, அதற்கு ஈடாகக் கொல்லையில் பெரும்பகுதி அக்காளுக்கு என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த முடிவைப் பதிவு செய்கிற நாளில் அக்காள் எழுந்து நின்றாள்.

"மத்தியஸ்தர் சொன்னாரு, கேட்டுக்கினேன். எனக்குப் புடிக்கல. வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

நீதிபதி கையெழுத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பி, எங்க தெருவுல மத்தியஸ்தம் பண்றவருன்னா ரெண்டு பேரையும் ஒக்கார வச்சி ராசி பண்ணுவாரு. கேட்டா கேக்கலாம், இல்லன்னா எழுந்து வந்துடலாம். இவரு சொன்னா சொன்னதுதான்னு நீ சொல்லலியே. சொல்லியிருந்தா கையெழுத்துப் போடுவனா?"

அறையில் இருந்தவர்களில் அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். என்மேல் வந்த குற்றச்சாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டும். 'அவளுக்குச் சரியாகப் புரியவில்லை' என்று சுருக்கிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பிறகு அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அவள் சொல்வது சரியா?" என்று என்னையே கேட்டார்.

"சரிதான், ஐயா. தவறு என்னுடையது."

தங்கை படபடவென்று ஏதோ சொன்னாள். நீதிபதி கையமர்த்தினார். அந்தச் சம்மதம் செல்லாது என்று எழுதச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்கும்படி எனக்கு உத்தரவிட்டார்.

இந்தத் தடவை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நீதிபதி என்றால் மேடையில் இருக்கிறவர். பஞ்சாயத்தார் என்றால் ஐந்தாறு பேர். நடுவர் என்றால் படித்தவர்களுக்குப் புரியும். பழைய பாட்டுகளில் நடுவன் என்பது எமனுக்கும் பெயர். கடைசியில் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு விளக்கினேன்.

"ரெண்டு பேருக்கும் வேண்டியவரா இல்லாத, ரெண்டு பேருக்கும் பகையில்லாத ஒருத்தர் வருவாரு. நீங்க சொல்றத அவரு கேப்பாரு. அப்புறம் அவரு சொல்றதுதான் முடிவு. புடிக்கலன்னாலும் மீற முடியாது. சம்மதமா?"

அக்காள் தங்கையின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அளந்தாரே, அவரையே வரச் சொல்லுங்க. ஆனா நான் பேசறத மொதல்ல கேக்கட்டும்."

அவர் வந்தார், கேட்டார். பகல் முழுக்க இருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் கிணறு தங்கைக்குத்தான் போயிற்று. முடிவை நான் படித்துக் காட்டியபோது, அக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான்.

என்னை மூன்று மாதம் நகலெழுதும் பகுதிக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது.

அந்த நாட்களில் ஒரு காலை, தெருக்குழாயில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"இன்னா தம்பி, கோர்ட்டு கச்சேரியில காணோம்?"

சொன்னேன். மெல்லக் கேட்டேன்: "முடிவு ரெண்டு தடவையும் ஒண்ணுதானே. மொத தடவை ஒத்துக்கலியே, ஏன்?"

"மொத தடவை என்னை ஏமாத்திட்ட மாதிரி இருந்துது. ரெண்டாந்தடவை தோத்துட்டேன். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் நடந்து போனாள்.