சவிரி அண்ணைக்கு ஊற்ற மறுத்த நாள்

1. செலரில் முதல் நாள்

லண்டனில், லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பின்னால், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பாரில் பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். இப்போது அசிஸ்டன்ட் மனேஜர். புதிதாக வருகிறவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. அவர்களில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டு வார இறுதியில் ஷிப்ட் செய்கிறவர்கள். அவர்கள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பாருக்கு வருவதற்கு முன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் காசு வாங்கும் டில்லில் நின்றேன். கடையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வேலை தேடியும் கிடைக்கவில்லை. பாரின் மனேஜர் டெக்லன், அயர்லாந்துக்காரர், என்னோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த நாளே வரச் சொன்னார். மதுவின் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது என்றேன். பெயர்களைப் படிக்கலாம், ஆட்களோடு பேசத் தெரிந்தால் போதும் என்றார்.

முதல் நாள் என்னைக் கீழே செலருக்கு, பியர் வைக்கும் நிலவறைக்கு, கூட்டிப்போனார். குளிர்பெட்டிக்குள் நிற்பது போன்ற குளிர். சுவரோரம் பியர் பரல்கள் வரிசையாக நின்றன. காலியான பரலை மாற்றுவது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டு, அடுத்ததை என்னைச் செய்யச் சொன்னார். நான் காஸ் குழாயை மூடாமல் மூடியைக் கழற்றிவிட்டேன். பியர் முகத்திலும் தலையிலும் பீறி அடித்தது. டெக்லன் ஒரு துவாயை எடுத்துத் தந்தார்.

அன்று ஃபாரஸ்ட் கேட்டுக்கு ரெயினில் திரும்பும்போது என்னிடமிருந்து வந்த மணம் எனக்கே தாங்கவில்லை. தெரிந்த முகம் எதுவும் ஏறிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கதவோரமாக நின்றேன். வீட்டுக் கதவைத் திறந்த என் கணவர் யூட் மூக்கைச் சுருக்கினார். "முதல் நாளே முழுகிப்போட்டு வந்திருக்கிறீர்" என்றார்.

2. ஹோட்டல் வேலை

நாங்கள் மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். இங்கே எங்கள் ஊர், உறவு, செய்தி எல்லாம் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலைச் சுற்றித்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் நன்மை எடுக்கப்போகும், அதாவது முதல் தடவை நற்கருணை வாங்கப்போகும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தேன். ஒரு பெண் பாரில் நின்று ஆண்களுக்குக் குடி ஊற்றுகிறாள் என்று தெரிந்தால் அந்த வகுப்பு என் கையில் இருக்காது என்று நினைத்தேன். யார் கேட்டாலும் "ஹோட்டல் ஒண்டில வேலை" என்றேன். எந்த ஹோட்டல் என்று யாரும் கேட்கவில்லை.

வேலை பிடித்திருந்தது. காலை பதினொன்றுக்குத் திறப்போம். மதியம் சாப்பாட்டுக் கூட்டம். பிறகு ஐந்து மணிவரை அமைதி. கிளாஸ் துடைக்கவும், ஃபிரிட்ஜ் நிரப்பவும், பியர் வரும் குழாய்களைக் கழுவி லைன் கிளீன் செய்யவும் அதுதான் நேரம். ஐந்தரைக்கு அலுவலகங்கள் விட்டதும் வாசலுக்கு வெளியே நடைபாதைவரை ஆட்கள் நிற்பார்கள். லண்டனின் இந்த அலுவலகப் பகுதியை சிற்றி என்பார்கள்; சிற்றியில் பெரிய இரவு வியாழன். அன்று ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு வேலை போயிருக்கும். இருவரும் ஒரே மேசையில் நின்று ஒரே பியரைக் குடிப்பார்கள். பெண்கள் கழிவறையில் யாராவது ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவளுடைய சிநேகிதியைத் தேடிப் பிடித்துவந்து, இருவரையும் ரக்ஸியில் ஏற்றிவிட்ட நாட்கள் எத்தனையோ.

டெக்லன் எனக்குக் கற்றுத்தந்தவற்றில் முக்கியமானது, ஒருவருக்கு ஊற்ற மறுப்பது. குடிவெறியில் இருப்பவருக்கு மது விற்பது இந்த நாட்டில் குற்றம். ஆனால் அதை அவர் சட்டமாகச் சொல்லித்தரவில்லை. அவர் சொன்னது இதுதான்: கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்லாதே, வெளியே வந்து பக்கத்தில் நில். 'உனக்கு வெறி' என்று சொல்லாதே, 'இதற்குமேல் என்னால் தர முடியாது' என்று சொல். குரலைத் தாழ்த்து. முதலில் தண்ணீரை வை. மறுத்த ஒவ்வொரு முறையும் நேரம், காரணம், ஆளின் அடையாளம் மூன்றையும் ரிஃப்யூசல் புக் என்ற கொப்பியில் எழுத வேண்டும். முதல் வருடத்தில் அதில் என் கையெழுத்து நிறைய இருக்கிறது.

3. கடைசி ஸ்டூல்

நான் சேர்ந்து நாலாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணியளவில், கவுண்டரின் கடைசி ஸ்டூலில் ஒருவர் வந்து இருந்தார். கறுப்பு ஜக்கற், நரைத்த மீசை. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன். சவிரி அண்ணை.

சவிரிமுத்து அண்ணையைத் தெரியாதவர்கள் எங்கள் கோயிலில் இல்லை. பூசையில் வாசகம் வாசிப்பவர். பெருநாளுக்குப் பந்தல் போடுவதும், செத்தவீட்டுக்கு முதலில் போய் நிற்பதும் அவர்தான். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு, தனியாக வாழும் நாலு வயதானவர்களை ஈஸ்ட் ஹாமில் இருந்து தன் காரில் ஏற்றி வந்து, முடிந்ததும் வீட்டில் விடுவார். அவருடைய மனைவி பிலோமினா அக்கா ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை செய்தார். பூசையில் என்னோடு ஒரே வாங்கில், எனக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

நான் இங்கே துணிந்து வேலையில் நின்றதும், அவர் இங்கே குடிக்க வந்ததும் ஒரே காரணத்துக்காக. தமிழ் ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்:

"தங்கச்சி, நீர் என்னைக் காணேல்லை. நானும் உம்மைக் காணேல்லை."

நான் தலையாட்டினேன். ஒரு விஸ்கி கேட்டார். ஊற்றினேன்.

அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் வந்தார். கொஞ்சங்கொஞ்சமாகக் கதை தெரியவந்தது. பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் நைட் ஷிப்ட் செய்திருக்கிறார். அதை மூடிவிட்டார்கள். உடம்புக்கு அது விளங்கவில்லை. இரவு முழுக்க கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார். பகலில் வீட்டில் தனியாக இருக்கப் பைத்தியம் பிடிக்கும். வேறு இடத்தில் பகல் வேலை கிடைத்திருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ரெயின் ஏறி இங்கே வந்துவிடுவார். முதலில் ஒன்று குடித்தார். பிறகு இரண்டு. பிறகு இரண்டு டபிள், இரட்டை அளவில்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை வாசக மேடையில் அவர் தெளிவான குரலில் வாசிப்பார். நான் பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்பேன். இவருக்குப் புது வேலை ஒத்துவருகுதில்லை போல, சரியாய்க் களைச்சுப்போய் வாறார் என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். ஓம் அக்கா என்றேன்.

4. சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை நான் பகல் ஷிப்ட். செலரில் லைன் கிளீன் செய்துவிட்டு மூன்றரை மணிக்கு மேலே வந்தேன். சவிரி அண்ணை கடைசி ஸ்டூலில் இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் வந்ததே இல்லை. டெக்லன் ஏற்கெனவே இரண்டு டபிள் ஊற்றியிருந்தார். கண் சிவந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணை கிளாஸை என் பக்கம் தள்ளி இன்னொன்று கேட்டார். கிளாஸுக்குப் பக்கத்தில் கார்ச் சாவி கிடந்தது.

சனிக்கிழமைகளில் பின்தெருவில் கார் விட இடம் கிடைக்கும். இங்கிருந்து நேரே ஈஸ்ட் ஹாம் போய், அந்த நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆறு மணிப் பூசைக்குப் போவதுதான் அவருடைய திட்டம்.

தண்ணீரை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தேன். பக்கத்தில் நின்று, இதுக்கு மேல என்னால தரேலாது அண்ணை, கார் இஞ்ச நிக்கட்டும், ரக்ஸி கூப்பிடுறன் என்றேன். ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியம்தான். தமிழில் சொல்வது அதுதான் முதல் தடவை. 

அவர் தண்ணீரைத் தள்ளி வைத்தார். சத்தம் போடவில்லை.

"எட்டு மாசம் வாய் திறக்காமல் உமக்கு நான் செய்த உதவியை மறந்திட்டீர். நாளைக்குப் பூசை முடிய ஒரு சொல்லுச் சொன்னால் காணும். பிள்ளையளுக்குச் செபம் சொல்லிக்குடுக்கிறவ இஞ்ச என்ன செய்யிறா எண்டு எல்லாருக்கும் தெரியவரும்."

எட்டு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்தச் சொல்லுக்குத்தான். வகுப்பில் இருந்த பதினாறு பிள்ளைகளின் முகம் வந்துபோனது. பிறகு அவருடைய காரின் பின் சீற்றில் பெல்ட்டைத் தேடித் தடவும் அந்த வயதானவர்களின் கைகள் ஞாபகம் வந்தன.

"சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "ஆனா நீங்கள் கார் எடுக்கேலாது."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். டெக்லனிடம் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். பொலிஸைக் கூப்பிடவா என்று டெக்லன் கேட்டார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். நான் போய்ச் சேரும்போது அண்ணை டிரைவர் சீற்றில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தேன். பெல்ட் போடவில்லை.

"எடுங்கோ," என்றேன். "நானும் வாறன்."

இன்றுவரை யாரையும் அதைச் செய்யச் சொல்லி நான் பழக்கியதில்லை. அது மடத்தனம். அவர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்துப் பயந்திருக்கிறேன். அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

"எனக்கு நித்திரை வருகுதில்லை தங்கச்சி," என்றார். "ஒரு வருஷமாய் ஒரு ராத்திரி ஒழுங்காய்ப் படுக்கேல்லை."

சாவியை என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

யூட்டுக்கு ஃபோன் செய்தேன். எங்களுடையது சின்னக் கார். இரண்டு நடை போய் நாலு பேரையும் பூசைக்கு ஏற்றிப்போனார். இரண்டாவது நடையில் வந்த அம்மா, பூசை பாதி முடிந்து காணிக்கை நேரத்தில் கொண்டுவந்து இறக்கியதற்காக யூட்டோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. டெக்லன் சவிரி அண்ணையை உள்ளே கூட்டிவந்து சூப் கொடுத்து, மேல்மாடி அலுவலக அறைச் சோபாவில் படுக்கவைத்தார். அங்கே அவர் மூன்று மணித்தியாலம் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் ரிஃப்யூசல் புக்கைத் திறந்து எழுதினேன்: நேரம் மூன்று நாற்பது. நடுத்தர வயது ஆண், கறுப்பு ஜக்கற். காரணம்: வாகனம்.

5. பிறகு நடந்தது

அடுத்த நாள் அவர் பூசைக்கு வரவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆனால் எப்போது சொல்வார் என்று காத்திருப்பது என்னால் ஏலாமல் இருந்தது. அந்தக் கிழமையே ஃபாதரிடம் போய் என் வேலையை நானே சொன்னேன். சவிரி அண்ணையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கலியாணத்தில் யார் ஊற்றினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை, நீங்கள் வகுப்பை நடத்துங்கள் என்றார் ஃபாதர். எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு கோயிலுக்கு மாற்றின. ஒரு அக்கா இப்போதும் என்னோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. மற்றப் பதினான்கு பிள்ளைகளும் அந்த வருடம் என் வகுப்பில் இருந்தே முதல் நன்மை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு மதியம், பிலோமினா அக்கா பாருக்கு வந்தார். ஆஸ்பத்திரி யூனிஃபோர்மின் மேல் கோட் போட்டிருந்தார். அப்படியொரு இடத்துக்குள் அவர் வாழ்க்கையில் கால் வைத்ததில்லை. வாசலிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அண்ணை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாராம். குடும்ப வைத்தியரான ஜிபியிடம் போயிருக்கிறார்கள். குடியை விடுகிறவர்களுக்கு ஒரு ஹோலில் கூட்டம் நடக்கிறதாம், அதற்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எட்டு மாசம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பக்கத்தில இருந்தனி," என்றார். "ஏன் ஜெசி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

வாடிக்கையாளர் குடிப்பதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். அதைச் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

"எனக்குப் பயமாயிருந்தது அக்கா. அவரை நினைச்சில்லை. என்னை நினைச்சு."

 அக்கா தேத்தண்ணியை முழுதும் குடித்தார். போகும்போது கப்பைத் தானே எடுத்து கவுண்டரில் வைத்தார்.

சவிரி அண்ணை ஒருமுறை வழுக்கிக் குடித்து, மறுபடி எழும்பினார். ஒரு வருடம் கார் ஓட்டவில்லை. பிறகு வேறொரு இடத்தில் காவல் வேலை கிடைத்தது. அதுவும் நைட் ஷிப்ட்தான். பகலில் நன்றாகத் தூங்குகிறார் என்று அக்கா சொன்னார். என்னோடு அவர் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மறுத்தால் ஆள் கோபப்பட்டால் என்ன செய்வது என்றுதான். கோபப்படுவார்கள், பெரும்பாலும் அடுத்த நாள் மறந்துவிடுவார்கள் என்று சொல்வேன். மறுக்கத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை, ஒரு மாதத்தில் வந்துவிடும். நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரோடுதான் தெரிந்த ஒரு மனிதருக்கு எட்டு மாதம், முகத்தைப் பார்க்காமல், ஊற்றினேன். ஒருவருக்கு நீங்கள் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தால், கிளாஸை அங்கேயே வைத்துவிடுங்கள். அவரிடம் பேசுங்கள். அன்றைக்கே பேசுங்கள்.