வெள்ளிக்கோப்பை வாங்கிய ஜெயசீலி

"தெளிந்த சிந்தையும் அசையாத கொள்கையும் உடையவர்; எதிலும் தயங்காதவர்" என்று ஜெயசீலிக்கு ஆண்டர்சன்பேட்டைப் பாதிரியார் நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தார். மருத்துவக் கல்லூரியும் அதை நம்பி இடம் கொடுத்தது. காபியா, டீயா என்று கேட்டால்கூடக் கேட்டவருக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற பெண் அவள்.

கருக்கலைப்புச் சட்டம் வந்த புதிதில் கல்லூரியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது எதிர்ப்பக்கம். உயிர், பாவம் என்று கண் கலங்கப் பேசி வெள்ளிக்கோப்பை வாங்கினாள். பேசப் பேச அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆதரித்துப் பேசித் தோற்றவன் கோதண்டராமன், ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன். மறுவருஷம் இருவரும் பயிற்சி டாக்டர்களாகச் சொந்த ஊரான தங்கவயலிலேயே ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் அம்சவேணி வந்தாள். புருஷனுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. நான்கு பிள்ளைகள், கடைசிப் பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியவள். இப்போது மறுபடி இரண்டு மாதம், கலைத்துவிட வேண்டும் என்றாள்.

"பேர் இன்னாக்கா?" என்றாள் ஜெயசீலி.

அம்சவேணி புருஷனின் சுரங்க நம்பரைச் சொன்னாள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண்களுக்கு ரேஷன், மருந்து எல்லாம் அந்த நம்பரில்தான். ஜெயசீலியும் லைனில் வளர்ந்தவள், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாள்.

"அவரு கையெழுத்து வேணுமே."

"ஐயோ, தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு. ராத்திரி சங்கு ஊதி ஷிப்ட் உடறதுக்குள்ள நான் ஊட்ல இருக்கணும். முடியாதுன்னா சொல்லிடும்மா, பூதிகோட்டைல ஒருத்தி குச்சி வெக்கிறாளாம், அங்க போறேன்."

கையெழுத்து இல்லையென்றால் காரியமும் இல்லை என்று ஜெயசீலிக்கு ஒரு கணம் நிம்மதி. குச்சி என்றதும் அதில் ஓட்டை விழுந்தது. மிச்சத்தைப் பெரிய டாக்டர் சரோஜம்மா கிழித்தார்.

"சட்டத்துல புருஷன எங்க கேட்டிருக்கு? சொமக்கிறவ இவ. மொதல்ல இவ பேர எழுது. நர்ஸு, கோயில்ல பாவம்னு சொல்றாங்கன்னு வரமாட்டேன்னுட்டா. கூட நிக்க ஒரு ஆளு வேணும், உங்க ரெண்டு பேர்ல யாரு? இஷ்டமில்லன்னா கட்டாயமில்ல."

"நீதானப்பா ஆதரிச்சுப் பேசின, போ" என்றாள் ஜெயசீலி.

"சட்டம் வேணும்னுதான் சொன்னேன். நான் செய்றேன்னா சொன்னேன்?" என்றான் கோதண்டராமன். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஊட்டுக்குள்ள சேக்கமாட்டாங்க."

"அப்போ நானா? நான் கப்பு வாங்கினவ!"

"கழுவி அதுல டீ குடி."

ஜெயசீலி வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். பெஞ்சில் இருந்த அம்சவேணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"செருப்பக் கழட்டுக்கா" என்றாள் ஜெயசீலி.

கொள்கை மாறிவிட்டதா என்று கோதண்டராமன் பின்னால் பலமுறை கேட்டான். "தெரியலப்பா" என்றுதான் சொன்னாள். கோப்பையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவதையும் நிறுத்தவில்லை. அம்சவேணி வந்த அன்று அவள் கையுறை மாட்டிக்கொண்டு சரோஜம்மாவுக்கு எதிரே நின்றாள். முடிந்ததும், சங்கு ஊதுமுன் அம்சவேணியை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.