சுவரைப் பார்த்த நாற்காலி

தையல் மிஷினை விற்றுவிட்டுத் தனியாகக் கிடந்த தையல்காரம்மாவுக்கு, ஃபிரிட்ஜ் வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் என்று ஒன்று வந்தது. அந்தக் குடியிருப்பில் கடைகண்ணி கிடையாது. ஒரு தக்காளி வேண்டுமென்றாலும் பஸ் ஏறவேண்டும். அதைக் கேள்விப்பட்ட ஓர் அறக்கட்டளை பணம் போட்டு, அவள் முன்னறையில் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தது. வாராவாரம் காயும் பழமும் பாலும் வரும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

எடுக்கிறவர் கூசிவிடக் கூடாதே என்று அவள் தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும், மூடும். இருமல் கேட்டால் லாரிக்காரன் பெண்டாட்டி. செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டால் வாட்ச்மேன். அவர்களும் பேசமாட்டார்கள், இவளும் திரும்பமாட்டாள். ஒண்டிக்கட்டைக்கு அந்த உறவே பெரிசு.

ஃபிரிட்ஜுக்கு இனியும் பணம் தரலாமா என்று பார்க்க அறக்கட்டளை அதிகாரி வரப்போவதாகச் சேதி வந்தது. வருகிற அன்று காலை கதவு ஓயவே இல்லை. எடுக்கட்டும், காலியாகக் கிடந்தால்தானே தேவை தெரியும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

அதிகாரி வந்து திறந்தார். உள்ளே பிதுங்கி வழிந்தது. வெறும் பெட்டியைப் பார்த்தால் அம்மாவுக்குக் கெட்ட பேர் வருமே என்று, அக்கம்பக்கத்தார் தங்கள் அடுப்படியில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள்.

"யாரும் எடுக்கிற மாதிரியே தெரியலையேம்மா. எடுக்கிறவங்க நாலு பேர் பேரைச் சொல்லுங்க, மேலிடத்துல பேசிப் பாக்கிறேன்."

சொன்னால் ஃபிரிட்ஜ் தங்கும். இருமலும் செருப்பும் தொண்டைவரை வந்தன. விழுங்கிவிட்டாள்.

"முதுகைக் காட்டி உக்காந்திருக்கிறவகிட்ட முகத்தைக் கேட்டா எப்படி தம்பி?"

அந்த வாரமே ஃபிரிட்ஜை வேறு பகுதிக்கு ஏற்றிப்போனார்கள். தரையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம் மிச்சம். எடுக்க ஒன்றுமில்லாத வீட்டில் யாருக்கு என்ன கூச்சம் என்று, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

இருமல் கேட்டது. லாரிக்காரன் பெண்டாட்டி வாசல்வரை வந்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்ததுதான் தாமதம், தப்புச் செய்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

தையல்காரம்மா எழுந்தாள். நாற்காலியை மறுபடியும் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.