இரண்டு வித்தை கேட்ட வெங்கிடி

ஜஸ்டின் கூப்பிட்டபோது நான் பெங்களூரில் அலுவலக பஸ்ஸுக்காகக் காத்து நின்றிருந்தேன். அவன் பேச்சில் முதலில் ஒரு கேலி வரும், பிறகுதான் விஷயம் வரும். அன்று கேலி வரவில்லை. "லே மக்கா, வெங்கிடி போயிட்டாம்லே. எலிக்காய்ச்சலாக்கும். நாலே நாள்" என்றான். "எந்த வெங்கிடி?" என்று கேட்டேன். எனக்கு உலகத்தில் ஒரே ஒரு வெங்கிடிதான். பஸ் வந்தது, ஏறினேன், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன், வேறொன்றில் ஏறினேன். அன்று காலை முழுக்க இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்தும் நாலு தடவை எழுந்துவிட்டேன்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், நம் ஸ்ரீவராகத்தில் அவனைத் தெரிந்த உங்களுக்கு அவனுடைய காலைகள் நினைவிருக்கும். விடிந்ததும் வேஷ்டி கட்டி, சாஸ்திரிகளான அப்பாவுக்குக் கூடமாட ஹோமத்துக்குப் போவான். ஒன்பது மணிக்கு அதே ஆள் பேண்ட் சட்டையில் கழக்கூட்டம் பஸ்ஸில் தொங்குவான். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று அவனிடம் சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. நானும் சொன்னேன். "ரெண்டும் எனக்கு வருமே, பின்னே ஏன் ஒண்ணை விடணும்?" என்பான். அதில் வீம்பு இருக்காது, நிஜமாகவே புரியாமல்தான் கேட்பான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில், ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடினோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதன் பலங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்திப் போகிற விளையாட்டு. ஜஸ்டின் போர்வீரன். வெங்கிடியின் தங்கை லதா திருடி. கதை சொல்கிறவனும் தீர்ப்புச் சொல்கிற நடுவரும் நான். அரக்கர்களையெல்லாம் விதுராவிலிருந்து பொன்முடி மலைக்கு ஏறுகிற ரோட்டில், வளைவுக்கு ஒன்றாக நிறுத்தி வைத்திருந்தேன்.

விதிப் புத்தகம் ஜஸ்டினின் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். கிழக்கேகோட்டையில் ஜெராக்ஸ் எடுத்தோம். கடைக்காரர் அவசரத்தில் ஓரிடத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். நாங்கள் அதைக் கண்டுபிடித்தபோது புத்தகம் விமானம் ஏறியிருந்தது. இருபது முகப் பகடை ஒன்றை மட்டும் அந்தச் சித்தப்பா மகன் விட்டுப் போனான். மற்ற பகடைகளுக்குப் பதில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.

விட்டுப்போன பக்கங்களில்தான், ஒரே ஆள் இரண்டு வகை மந்திரம் கற்றால் என்ன கணக்கு என்பது இருந்தது. வெங்கிடிக்கு வேண்டியதும் அதுவேதான். அவனுடைய ஆள், பெயர் பொன்முடியான், மந்திரவாதியாகவும் இருக்க வேண்டும், பூசாரியாகவும் இருக்க வேண்டும். நெருப்பும் எறிய வேண்டும், காயமும் ஆற்ற வேண்டும்.

"அந்தப் பேஜே இல்லையேடா" என்றேன்.

"அப்போ நீ பறஞ்சா மதி, நீ சொல்றதுதான் விதி. நீயாக்கும் நடுவர். மேசையில பறஞ்சது மேசையில நிக்கும்."

நான் சொன்னேன்: இரண்டுக்கும் ஒரே குடம். நெருப்புக்கு ஒரு செம்பு மொண்டால், காயம் ஆற்ற ஒரு செம்பு குறையும். இரண்டு வித்தை கற்கிறவன் எதிலும் மெதுவாகத்தான் ஏறுவான். அதற்கு மேல் இந்தக் குறைப்பும் சேர்ந்தால் பாதி ஆள்தான் மிஞ்சுவான். "இது அநியாயமாக்கும் அண்ணா" என்று லதா என்னிடம் சண்டைக்கு வந்தாள். வெங்கிடி "சாரமில்லைடீ, போகட்டும்" என்று பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பில் யோசனை கொஞ்சம், எரிச்சல்தான் அதிகம். வெளியில் செய்வது போதாதென்று என் மேசைக்கும் வந்து இரண்டையும் கேட்கிறானே என்ற எரிச்சல்.

அந்தப் பாதி ஆளை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆடினான். பதினெட்டாம் வளைவில் ஜஸ்டினின் வீரன் அடிபட்டு விழுந்தான். பொன்முடியான் அதற்குள் நெருப்பையெல்லாம் எறிந்து முடித்திருந்தான். "காயம் ஆத்தறதுக்கு ஒண்ணாவது பாக்கி உண்டோ?" என்று கேட்டான். குடம் காலி என்றேன். "நீ ஓடிரு மக்கா, என்னை விடு" என்றான் ஜஸ்டின். வெங்கிடி ஓடவில்லை. வீரனை முதுகில் போட்டுக்கொண்டு வளைவு இறங்குவதாகச் சொன்னான். சுமையோடு இறங்குகிறவன் மேல் அரக்கனின் அடிக்காக நான் பகடை உருட்டினேன். இருபது விழுந்தது, அதைவிடப் பெரிய அடி கிடையாது. வீரன் பிழைத்தான், பொன்முடியான் செத்தான். லதா நிஜமாகவே அழுதாள். வெங்கிடி தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "காப்பி ஆறிண்டிருக்கு" என்றான்.

அதன் பிறகு அவன் புது ஆள் எதையும் உருவாக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து, என் கதையில் சத்திரக்காரன், தோட்டக் காவலாளி என்று சில்லறை வேஷங்களுக்குக் குரல் கொடுத்தான். சில மாதங்களில் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, ஆட்டம் நின்றது.

பெங்களூர் போன புதிதில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. நின்றபடியே அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். இரண்டு வித்தைக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் செலவழித்தால் மற்றதில் ஒரு சொட்டும் குறையாது. அன்று வளைவில் பொன்முடியான் கை காலியாகவே இல்லை. புத்தகத்தை வாங்கிவந்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு விளையாட்டுக்காக இத்தனை அவமானமா என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

மாதம் ஒரு தடவையாவது போனில் பேசினோம். அப்பாவின் முட்டிவலி, புது மேனேஜர், பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு என்று எல்லாம் பேசுவான். வைப்பதற்கு முன் தவறாமல், "பின்னே? வேற வல்லதும் பறயறதுக்கு உண்டோ?" என்பான். புத்தகத்தைப் பற்றி அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஒண்ணுமில்லைடா" என்பேன். "செரி" என்று வைத்துவிடுவான். இப்படியே ஆறு வருடம் போயிற்று.

பத்தாம் நாள் காரியம் முடிவதற்குள் ஊருக்குப் போனேன். அவன் அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லதா என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். என்னால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே புத்தகம், பக்கம், குடம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று பாதியில் எனக்கே தோன்றியது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

அவள் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதில் நாலாக மடித்த பொன்முடியானின் தாள் இருந்தது. அதனோடு பின் அடித்து, கம்பெனி பிரிண்டரில் எடுத்த வேறு இரண்டு தாள்கள். அந்த விதிதான். தனித்தனிக் கணக்கு என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு.

"அவனுக்கு அறியும் அண்ணா. பொன்முடியான் செத்த மறுநாளே ஆபீஸ்ல இன்டர்நெட்ல பாத்துட்டான். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமான்னு நான் குதிச்சேன். விடலை. மேசையில பறஞ்சது மேசையில நிக்கட்டும், அவன் அறியற அன்னிக்கு அவனே வந்து பறயுவான்னான்."

"ஆறு வருஷமாவா?"

"போனை வெச்சப்புறம் நான் கேப்பேன், பறஞ்சானான்னு. இன்னிக்கு இல்லை, அடுத்த தடவை பறயுவான்னு சிரிப்பான்."

அவனுக்கு என் மேல் கோபம் இருந்ததா என்று லதாவிடம் கேட்கவில்லை, பயம். கோபம் இல்லை என்றால் அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம்.

அந்தத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பெங்களூர் திரும்பும் ரயிலில், விதியையும் அவன் எழுதி வைத்திருந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினெட்டாம் வளைவை முதலிலிருந்து கணக்குப் பார்த்தேன். திருத்தி எழுதப் பென்சில் எடுத்தேன்; முடியவில்லை, அவன் கையெழுத்து. அவன் கேள்விதான் காதிலேயே இருக்கிறது. யாரோடு பேசிப் போனை வைத்தாலும் அதை எதிர்பார்க்கிறேன்.

பறயறதுக்கு உண்டு வெங்கிடி. அன்னிக்கு உன் ஆள்கிட்ட காயம் ஆத்தறதுக்கு மூணு பாக்கி இருந்தது.